காளான் குடிலைப் பெரிதாக்க நினைக்கிறேன், ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

புளியங்குடிக்காரி:

வணக்கம். வீட்டில் சுற்றி வளைத்துப் பேசிப் பேசிக் களைத்துவிட்டேன். இங்கே நேராகவே கேட்கிறேன்.

எனக்குப் பதினாறு முடிந்துவிட்டது. புளியங்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு. அப்பா எலுமிச்சை மார்க்கெட்டுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா பீடி சுற்றுகிறார். சென்ற ஆண்டு அம்மாவின் மகளிர் குழுவிலிருந்து சிலரை ஒருநாள் காளான் பயிற்சிக்கு அழைத்துப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். மற்றவர்கள் சான்றிதழை பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். நான் ஆடு கட்டியிருந்த கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, தரையில் மணல் பரப்பி, சுற்றிலும் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டுச் சிப்பிக்காளான் போட்டேன்.

இப்போது எந்த நாளில் எட்டிப் பார்த்தாலும் 120 படுக்கை (வைக்கோலும் காளான் விதையும் அடைத்த பை) உறியில் தொங்கும். சனிக்கிழமைதோறும் புதிதாக இருபது படுக்கை போடுவேன். தினம் சராசரியாக எட்டுப் பாக்கெட், ஒவ்வொன்றும் 200 கிராம். கடைக்கு 35 ரூபாய்க்குக் கொடுக்கிறேன், அவர்கள் விற்பது 45. பள்ளிக்குப் போகிற வழியில் சைக்கிளில் போட்டுவிட்டுப் போகிறேன். விதை, வைக்கோல், விறகு, கவர் செலவு போக மாதம் 4,500 ரூபாய்போல நிற்கிறது. உன் கூலியைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்று யாராவது கேட்பீர்கள். தெரியும், நானும் கணக்குப் பதிவியல்தான் படிக்கிறேன்.

கார்த்திகை பிறந்தால் குற்றாலம் ஐயப்ப பக்தர்களால் நிறைந்துவிடும். இங்கிருந்து செங்கோட்டை வரைக்கும் எல்லா ஓட்டலிலும் சைவம்தான், காளான் கிடைக்காமல் தேடுவார்கள். அதற்குள் 600 படுக்கைக்கு ஒரு குடில் போட்டுவிட வேண்டும். கீற்று, கம்பம், தெளிப்பான், பெரிய பீப்பாய் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம். அம்மா பெயரில் குழுவில் கடன் எடுத்தால் பத்து மாதத்தில் அடைத்துவிடலாம் என்பது என் கணக்கு. அதன் பிறகு காளான் ஊறுகாய், காளான் பொடி என்று என் பெயரிலேயே கொண்டுவர ஆசை.

இனி வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொல்கிறேன். கோயில் கொடைக்கு வந்த சித்தப்பா எல்லார் முன்னாலும் அப்பாவிடம், “பொம்பளைப் பிள்ளையைக் கடை கடையாக ஏற்றி இறக்கித்தான் சோறு தின்ன வேண்டுமா?” என்று கேட்டார். அன்றிலிருந்து அப்பா கடன் பேச்சை எடுத்தாலே வெளியே போய்விடுகிறார். குழுக் கூட்டத்தில் இரண்டு பேர், “பிள்ளை விளையாட்டுக்குக் குழுப் பணமா?” என்றார்கள். வகுப்பில் ஓர் ஆசிரியர் என் மாதத் தேர்வுத் தாளைக் கொடுக்கும்போது, “உனக்கு மார்க் முளைக்காது, காளான்தான் முளைக்கும்” என்றார். வகுப்பே சிரித்தது. வாட்ஸ்அப்பில் என் பாக்கெட் படத்தைப் போட்டால், முகம் தெரியாத ஒருவர் “இயற்கைக் காளான் என்று ஒட்டியிருக்கிறாயே, ஃபார்மலினில் ஊறவைத்த வைக்கோல்தானே?” என்கிறார். பஸ் நிலையம் பக்கத்துக் கடை அண்ணாச்சி ஐந்து பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்து, “தண்ணீர் விட்டு நாறுகிறது, இதை எவன் வாங்குவான்” என்று வாடிக்கையாளர்கள் இருக்கும்போதே கத்தினார். கடையில் ஃபிரிட்ஜ் இல்லாதது என் குற்றமா என்று நானும் கேட்டுவிட்டு வந்தேன். அவர் இப்போது வாங்குவதில்லை.

“விமர்சனத்தைக் கண்டுகொள்ளாதே” என்று எல்லாக் காணொளியிலும் சொல்கிறார்கள். எனக்கு அது வரவில்லை. இரவு படுத்தால் அண்ணாச்சி சொன்னதும் சித்தப்பா சொன்னதும் ஒன்றாகத்தான் ஓடுகிறது. இதில் எதைக் கேட்க வேண்டும், எதை விட வேண்டும்? கடன் எடுக்கலாமா?

—

ராயபுரம் வாசகன்:

தயங்காதே தங்கையே! அருண் ஐஸ்கிரீம் சந்திரமோகன் 1970-இல் எங்கள் ராயபுரத்தில் 13,000 ரூபாயில் தொடங்கியவர்தான். அன்றைக்கு அவரையும் பார்த்து நாலு பேர் சிரித்திருப்பார்கள். கடனை எடு, குடிலைப் போடு.

—

ஓய்வு பெற்ற வங்கியாளர், நாகர்கோவில்:

ராயபுரம் நண்பர் ஒன்றை விட்டுவிட்டார். சந்திரமோகனுக்கு அப்போது 21 வயது. தன் கையெழுத்தைத் தானே போட்டார்.

மகளே, உன்னால் அது முடியாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதி இல்லாதவர். அப்படிச் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-இல் மோகரி பீபி வழக்கில், அன்றைய பிரிட்டிஷ் ஆட்சியின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது, இன்றுவரை நிற்கிறது. உன்னைக் காப்பாற்றத்தான் இந்தச் சட்டம். ஆனால் இதனாலேயே உன் பெயரை நம்பி யாரும் பணம் தர மாட்டார்கள். ஒன்றரை லட்சம் என்பது உன் கடன் ஆகாது. அம்மாவின் கடன். பீடி சுற்றி அடைக்க வேண்டிய கடனாகக்கூட அது முடியலாம். அப்பா எழுந்து வெளியே போவதற்குச் சித்தப்பாவின் பேச்சு மட்டும்தான் காரணம் என்று நீயாக முடிவு கட்டாதே. தனியாக இருக்கும்போது கேட்டுப் பார்.

அடுத்து, குழுவில் எதிர்த்த அந்த இரண்டு பெண்கள். சுய உதவிக் குழுவுக்கு வங்கி கொடுப்பது குழுவுக்கான கடன். ஓர் உறுப்பினர் தவணை தவறினால் மற்றவர்கள் சேமிப்பிலிருந்து போகும், குழுவின் பெயர் கெடும், அடுத்த முறை எல்லாருக்கும் கடன் குறையும். நான் கடன் பிரிவில் இருந்தபோது இப்படி உடைந்த குழுக்களைப் பார்த்திருக்கிறேன். உன் சித்தப்பாவுக்கு இதில் ஒரு ரூபாய் நட்டமில்லை. அந்த இரண்டு பேருக்கு உண்டு. அவர்கள் சொன்ன விதம் கசப்பாக இருக்கலாம், கேட்க உரிமை உள்ளவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

இன்னொரு கேள்வி. பொதுத் தேர்வு மார்ச்சில். பத்து மாதத் தவணையில் மார்ச்சும் வருகிறது. அப்போது ஒரு நாளைக்கு இரண்டு வேளை தண்ணீர் தெளிப்பது யார்?

—

பெயர் வேண்டாம்:

முதலில் படிப்பை முடி. பன்னிரண்டாம் வகுப்பு ஒரு தடவைதான் வரும். காளான் எப்போதும் முளைக்கும். இவ்வளவு பேர் சொல்கிறார்கள் என்றால் அதில் ஏதாவது இருக்கும்.

—

புளியங்குடிக்காரி:

பெயர் வேண்டாம் அவர்களுக்கு: பத்தாம் வகுப்பில் 441 மதிப்பெண். மாதத் தேர்வில் ஒரு தாள் சறுக்கியது, காளான் போடுவதற்கு முன்னாலும் அந்தப் பாடத்தில் அப்படித்தான். இவ்வளவு பேர் சொல்கிறார்கள் என்பது எனக்குக் காரணமாகத் தெரியவில்லை. அவர்கள் சொல்வது ஐந்து வெவ்வேறு விஷயம்.

வங்கியாளர் ஐயாவுக்கு: சட்டம் பற்றித் தெரியாது, நன்றி. மார்ச்சில் அம்மா தெளிப்பார் என்று நினைத்திருந்தேன். ஆனால் குழுவில் எதிர்த்த இருவரில் ஒருவர் என் குடிலை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பார்க்காமலே எப்படிச் சொல்லலாம்?

—

ஓய்வு பெற்ற வங்கியாளர், நாகர்கோவில்:

பார்க்க அழைத்தாயா?

—

பொள்ளாச்சி காளான் குடில்:

கண்ணு, நான் பொள்ளாச்சியில் சிப்பிக்காளானும் பால் காளானும் போடுகிறேன். முதலில் உன் 600 படுக்கைக் கணக்கைக் கொஞ்சம் உடைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ பள்ளிக்குப் போகிறவள். 600 படுக்கையை எப்போது போடுவாய்? இரண்டு வார இறுதிகளில், தடவைக்கு 300 என்றுதான் நினைத்திருப்பாய். 300 படுக்கைக்குப் படுக்கைக்கு அரைக் கிலோ என்றாலும் 150 கிலோ காய்ந்த வைக்கோல். 200 லிட்டர் பீப்பாயில் எவ்வளவு திணித்தாலும் பத்து, பதினைந்து கிலோவுக்கு மேல் அமுங்காது. ஒவ்வொரு பீப்பாயும் கொதித்து ஒரு மணி நேரம் அவிய வேண்டும், பிறகு நிழலில் உலர வேண்டும், கையால் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும் ஆனால் சொட்டக் கூடாது. சனி ஞாயிறு இரண்டு நாளும் ராப்பகலாக அடுப்படியிலேயே நிற்பாய். களைப்பில் ஈரத்தோடு கட்டிய பத்துப் படுக்கையில் பச்சைப் பூசணம் பிடித்தால் பக்கத்துப் படுக்கைக்கும் பரவும்.

அது சரியாக அமைந்துவிட்டது என்றே வைத்துக்கொள். இன்னும் மோசம். ஒரே நாளில் கட்டிய படுக்கை ஒரே நேரத்தில் பூக்கும். வாரம் இருபது படுக்கை, தினம் எட்டுப் பாக்கெட் என்ற உன் கணக்கிலேயே படுக்கைக்கு ஏறக்குறைய 600 கிராம் வருகிறது, அதில் பாதி முதல் அறுவடையில் வந்துவிடும். 300 படுக்கைக்கு 90 கிலோ. நாலு நாளில் 450 பாக்கெட். நீ இப்போது விற்பது தினம் எட்டு. சிப்பிக்காளான் பறித்த பிறகு வெளியில் ஒரு நாள் தாங்கும், ஃபிரிட்ஜில் மூன்று, நாலு நாள். மிச்சத்தை ஆட்டுக்குத்தான் போட வேண்டும், அதையும் கொட்டகையை விட்டு விரட்டிவிட்டாய்.

உனக்கு இப்போது தொழில் ஓடுவதற்குக் காரணமே சனிக்கிழமைக்கு இருபது என்று பிரித்துப் போடுவதுதான். அதை நீயாகக் கண்டுபிடித்தாயா, நேரம் இல்லாததால் அமைந்ததா தெரியவில்லை, எப்படியானாலும் விடாதே. கொட்டகையில் இன்னும் இடம் இருந்தால் புதன்கிழமை பத்து சேர்த்துக்கொள். அதற்குக் கடன் எதற்கு?

கோடையையும் கணக்கில் எடுக்கவில்லை நீ. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற மாதங்களில் உங்கள் பக்கம் சிப்பி நன்றாக வரும். ஏப்ரல், மே வெயிலில் அடங்கிவிடும். அப்போதைக்குப் பால் காளான்தான் சரி. அதற்கு முப்பது டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஏபிகே 2 ரகத்தைக் கேள்விப்பட்டிருப்பாய். சிப்பியைவிடக் கூடுதல் நாள் கெடாமலும் இருக்கும். ஆனால் படுக்கையைப் பாதியாக வெட்டி மேல்மண் போட வேண்டும், மண்ணை ஆவியில் அவிக்க வேண்டும், அது வேறு வேலை. தேர்வு முடிந்து விடுமுறையில் பத்துப் படுக்கை போட்டுக் கற்றுக்கொள். குத்தகை எடுத்தவள்போல எல்லாவற்றையும் இந்தக் கார்த்திகைக்குள் முடிக்க வேண்டாம்.

இனி உன் ஃபார்மலின்காரர். அவர் யாரோ, எரிச்சலில் சொன்னாரோ தெரியாது. ஆனால் காற்றில் பிடித்துச் சொல்லவில்லை. பாவிஸ்டின் (பூசணக் கொல்லி), ஃபார்மலின் (கிருமிநாசினி) கலந்த தண்ணீரில் வைக்கோலை ஊறவைக்கிற முறை உண்டு, விறகு மிச்சம் என்று பலர் செய்கிறார்கள். நீ அவிக்கிறாய் என்றால் பீப்பாய் கொதிக்கிற படத்தை எடுத்துப் போடு, ஒரு வரி விளக்கம்கூட வேண்டாம். இன்னொன்று, லேபிளில் “இயற்கை” என்றும் “ஆர்கானிக்” என்றும் எழுதியிருந்தால் கிழித்துவிடு. 2017-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, கடைக்குப் போகிற பொருளில் ஆர்கானிக் என்று போட சான்று வேண்டும். அவருக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் உன் லேபிளைச் சரிசெய்.

உன் பதிவில் எனக்கு மிகவும் உறுத்தியது வேறு. மார்ச்சில் அம்மா தெளிப்பார் என்கிறாய். சிப்பி முற்றி விளிம்பு மேலே சுருண்டால் அடியிலிருந்து வெள்ளைப் பொடி பறக்கும். மூடிய குடிலில் அதைச் சுவாசித்துக்கொண்டே இருந்தால் சிலருக்கு விடாத இருமல், காய்ச்சல் வரை போகும். உன் அம்மா பகலெல்லாம் புகையிலைத் தூளோடு உட்கார்ந்திருப்பவர். நீயும் மாஸ்க் போடு, விளிம்பு சுருளுமுன் பறித்துவிடு, காலையில் உள்ளே போகுமுன் சாக்கைத் தூக்கிக் காற்றுப் போகவிடு. அம்மாவை உள்ளே விடாதே. 600 படுக்கைக்கு அம்மா என்பது எந்தத் திட்டத்திலும் வர வேண்டாம்.

சித்தப்பா. உனக்கு ஓர் அண்ணன் இருந்து அவன் கடை கடையாக ஏறியிருந்தால் “பொறுப்பான பையன்” என்றிருப்பார். அவ்வளவுதான். அதற்குப் பதில் தேடாதே, கிடைக்காது. ஆசிரியர் சொன்னது கிண்டல், அதில் சரிசெய்யச் சாமான் எதுவும் இல்லை.

—

கொளத்தூர் மளிகை:

எனக்குச் சொந்த ஊர் சுரண்டைப் பக்கம். சென்னை கொளத்தூரில் கடை. உன் அண்ணாச்சிக்காக இரண்டு வார்த்தை பேசலாம் என்று வந்தேன்.

வாடிக்கையாளர் இருக்கும்போது கத்தியது தவறு. அதைச் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளை, கடைக்காரன் எப்படி ஒரு சரக்கை நிறுத்துவான் என்று உனக்குத் தெரியாது. பாதிப் பேர் வாய் திறக்க மாட்டோம். “நேற்றுச் சரக்கே இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம்” என்போம். நாளைக்கும் அதையே சொல்வோம். கொண்டு வருகிற ஆள் நாலு தடவை வந்து பார்த்துவிட்டுத் தானாக நின்றுவிடுவார். என்ன குறை என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. என் கடைக்கு ஒரு தம்பி இட்லி மாவு கொண்டு வந்தான். நல்ல பையன், புளிப்பு அதிகம். எனக்குச் சொல்ல மனம் வரவில்லை, பிறகு வேறு ஆளிடம் மாறிவிட்டேன். உன் அண்ணாச்சி தண்ணீர் விடுகிறது, நாறுகிறது என்று இரண்டு குறையைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். இத்தனை பேர் பேசியதில் காளானைக் கையில் வைத்துக்கொண்டு பேசியவர் அவர் ஒருவர்தான்.

தண்ணீர் ஏன் விடுகிறது? பறிப்பதற்கு முன்னால் தண்ணீர் தெளிக்கிறாய், சரியா? எடை நிற்கும் என்று எல்லாரும் செய்வதுதான். முதலில் பறி, பிறகு படுக்கைக்குத் தெளி. பறித்ததைத் தட்டில் பரப்பி அரை மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு பாக்கெட்டில் போடு. பாக்கெட்டில் ஓட்டை போடுகிறாயா? காளான் பறித்த பிறகும் மூச்சு விடும், மூடிக் கட்டினால் அந்த ஈரமே உள்ளே முத்து முத்தாகக் கோத்து நிற்கும். கோணி ஊசியால் நாலைந்து இடத்தில் குத்து. எங்கள் கடைவாசலில் பத்து மணிக்கு மேல் வெயில் விழும், ஊரில் பஸ் நிலையக் கடை என்றால் கேட்க வேண்டாம். ஃபிரிட்ஜ் இல்லாத கடை என்று உனக்கே தெரிந்திருக்கிறதே, அங்கே ஐந்து பாக்கெட் ஏன் வைத்தாய்? இரண்டு வை. காலியானால் அவரே மூன்று கேட்பார்.

எடையையும் பார்த்துக்கொள். காலையில் 200 கிராம் இருந்த காளான் மாலையில் ஈரம் போய்க் குறைந்திருக்கும். பத்து கிராம் கூடப் போடு. பாக்கெட்டில் அடைத்து விற்றால் எடை, விலை, அடைத்த மாதம் வருடம், அடைத்தவர் பெயர் முகவரி, புகாருக்குத் தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011 விதி இருக்கிறது. எடை குறைந்தால் தொழிலாளர் துறை அதிகாரி முதலில் என் கடைக்குத்தான் வருவார். உன் காளானுக்கு மாதம் போதாது, தேதியே போடு.

விற்காததை மாலையில் நீயே திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் எந்தக் கடைக்காரனும் கத்த மாட்டான். பள்ளிவிட்டு வரும் வழிதானே?

ஓட்டல் விஷயம். கார்த்திகை, மார்கழியில் ஓட்டல்காரர் நிறைய எடுப்பார், உண்மை. தை பிறந்ததும் நிறுத்திவிடுவார், அதுவும் உண்மை. அந்த இரண்டு மாதத்தை நம்பி வருடம் முழுக்க நிற்கிற குடில் கட்டாதே.

—

புளியங்குடிக்காரி:

கொளத்தூர் அண்ணாச்சி, பறிப்பதற்கு முன்னால்தான் தெளிக்கிறேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஓட்டை போடுவதில்லை, போட்டால் கிழிந்த பாக்கெட் என்று நினைப்பார்களோ என்று பயம்.

பொள்ளாச்சி அக்கா, சனிக்கிழமை மட்டும் போடுவது நேரம் இல்லாததால் அமைந்ததுதான். 450 பாக்கெட் கணக்கை நானும் நோட்டில் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. எரிச்சலாக இருந்தது. அம்மா சென்ற மாதம் முழுக்க இருமினார். பீடித் தூள் என்று நினைத்தோம். மாஸ்க் வாங்கிவிட்டேன், அம்மாவை இனி உள்ளே விடப் போவதில்லை.

லேபிள் ஐநூறு அடித்து வைத்திருக்கிறேன், அத்தனையிலும் “இயற்கை” இருக்கிறது. வேறு வழி இல்லாமல் கறுப்பு மார்க்கரால் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றில் மட்டும் யாரோடும் ஒத்துப்போக மாட்டேன். தேர்வு முடியும்வரை நிறுத்து என்றால் நிறுத்த மாட்டேன். மார்ச்சுக்கு மட்டும் புதுப் படுக்கை போடாமல், பிப்ரவரி நடுவில் போட்டதோடு விட்டுவிட்டால் வேலை தானாகக் குறையும். திரும்ப ஏப்ரலில் தொடங்கலாம் என்றால் வெயில் என்கிறீர்கள், அப்போது பால் காளான் பத்துப் படுக்கை.

—

ஓய்வு பெற்ற வங்கியாளர், நாகர்கோவில்:

பிப்ரவரி யோசனை நல்ல யோசனை. மாதம் வருகிற பணம் யார் கணக்கில் போகிறது? அம்மாவின் கைபேசியில் கூகுள் பே என்றால் வீட்டுச் செலவோடு கலந்துவிடும், ஆறு மாதம் கழித்து எவ்வளவு சம்பாதித்தாய் என்று உனக்கே தெரியாது. 10 வயது நிரம்பிய சிறார் தாங்களே சேமிப்புக் கணக்கை இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வரம்பு வங்கிக்கு வங்கி மாறும். போய்க் கேள். கடைக்காரர்கள் கொடுப்பதை அதில் மட்டும் போடு. 18 முடிந்து நீயே கடன் கேட்டு ஒரு மேலாளர் முன்னால் உட்காரும்போது அந்தப் பாஸ் புத்தகத்தைத்தான் அவர் முதலில் புரட்டுவார். தோட்டக்கலைத் துறையில் காளான் குடிலுக்கு மானியமும் உண்டு. அப்போது கேட்டுக்கொள்.

—

புளியங்குடிக்காரி:

இரண்டு செய்தி. குழுக் கூட்டத்துக்கு நோட்டோடு போனேன், கடன் கேட்கவில்லை. எதிர்த்தவர்களில் ஒரு அத்தை மறுநாள் குடிலுக்கு வந்தார். உள்ளே நின்று பார்த்துவிட்டு, “இதற்கு ஒன்றரை லட்சமா?” என்றார். கடன் வேண்டாம் என்று சொன்னதும் ஒரு பாக்கெட் காசு கொடுத்து வாங்கிப் போனார். இன்னொருவர் இன்னும் பேசுவதில்லை. அப்பாவிடமும் கேட்டேன். சித்தப்பா சொன்னது ஒருபுறம், சென்ற வருடம் ஆட்டோவுக்கு எடுத்த கடனே இன்னும் முடியவில்லை என்றார். எனக்கு அது தெரியாது.

பஸ் நிலைய அண்ணாச்சியிடம் ஓட்டை போட்ட பாக்கெட் இரண்டு கொண்டு போனேன். மாலையில் மிச்சத்தை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஃபிரிட்ஜ் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. “வை” என்றார். மாலையில் போனபோது இரண்டும் இல்லை. காசை நாளைக்கு வாங்கிக்கொள் என்கிறார். கொளத்தூர் அண்ணாச்சி, இது நல்ல அறிகுறியா கெட்ட அறிகுறியா?

—

கொளத்தூர் மளிகை:

சரக்கு போய்விட்டதே, பிறகென்ன. காசு நாளைக்கு என்பது கடைக்காரன் எல்லாரிடமும் சொல்வது. மூன்று நாள் பாக்கி சேரவிடு, நாலாவது நாள் கேள், சிரித்துக்கொண்டே கேள். செவ்வாயும் வெள்ளியும் மூன்று பாக்கெட் வை, அன்றைக்குக் கறி எடுக்காத வீடு அதிகம். ஞாயிறு ஒன்றுகூட வைக்காதே, ஊரே இறைச்சிக் கடை வாசலில் நிற்கும். புரட்டாசி வந்தால் ஞாயிறும் கொண்டு போ.